வரைபடத்துக்கு வெளியே உக்குவளை

மகாவலி ஆற்றைப் பொல்கொல்லையில் மறித்து, மலைக்குள் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் திருப்பி, உக்குவளையில் இறக்குகிறார்கள். இறங்கும் நீர் 1976 முதல் இங்குள்ள நீர்மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. நிலையத்தின் திறன் 40 மெகாவாட் அளவு. அந்த வேலை முடிந்ததும் நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு கலந்து, போவத்தென்ன நீர்த்தேக்கம் தாண்டி வடமத்திய மாகாணத்து வயல்களுக்குப் போகிறது. மின்சாரம் நாடு முழுவதற்கும் போகிறது. ஊர் கண்டி - மாத்தளை ரயில் பாதையோரம், 1880இல் திறந்த அந்தப் பாதையின் கடைசி நிலையங்களில் ஒன்றாக இருக்கிறது: கடைத்தெரு, பள்ளிவாசல், கோயில், விகாரை, மிளகுக்கொடி ஏறிய வீட்டுத் தோட்டங்கள், மேலே தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்கள்.

இந்த ஊரை நகரம் கட்டும் கணினி விளையாட்டு ஒன்றில் கட்டிக் காட்டச் சொன்னால் முடியாது. வீதி போடலாம், கடைத்தெரு அமைக்கலாம், ரயிலும் ஓட்டலாம். ஓர் ஆற்றை மலைக்குள் அனுப்பி மறுபக்கம் எடுத்து, இன்னொரு மாகாணத்தில் நெல் விளைந்ததா என்று பார்க்க அங்கே வழி இல்லை. வரைபடத்தின் ஓரத்தோடு உலகம் முடிந்துவிடும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வகை விளையாட்டுகளை உலகம் எப்படி மதிப்பிட்டு வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும்போது, எனக்கு அந்த ஓரம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு காலத்தில் விமர்சித்தவர்களில் சிலர் அதைத் தொட்டுப் பேசினார்கள். இன்று அந்தப் பேச்சு அரிதாகிவிட்டது. அதை ஓர் இழப்பாகவே நினைக்கிறேன்.

தொடக்கம் குண்டு போடும் விளையாட்டில். அமெரிக்கரான வில் ரைட் 1984இல் ‘ரெய்ட் ஒன் பங்கெலிங் பே’ என்ற ஹெலிகொப்டர் விளையாட்டை உருவாக்கினார். அதில் குண்டு விழும் தீவுகளை வரைவதற்காகத் தனக்கென ஒரு கருவி செய்து வைத்திருந்தார். தீவுகளை அழிப்பதைவிட வரைவதும் வீதி போடுவதும்தான் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் சிம்சிட்டி. முதல் வடிவம் 1985 அளவிலேயே தயார். ஆனால் வெளியிட ஆள் கிடைக்கவில்லை. வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் இது என்ன விளையாட்டு என்று கேட்டு, ஹெலிகொப்டர் விளையாட்டை வெளியிட்ட ப்ரோடர்பண்ட் கம்பனியே தயங்கியது. இந்த விளையாட்டுக்கு உலகம் எழுதிய முதல் விமர்சனம் அந்தத் தயக்கம்தான் என்பேன். பிறகு ஜெஃப் பிரவுனும் ரைட்டும் சேர்ந்து 1987இல் மெக்சிஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1989இல் சிம்சிட்டி வெளிவந்தது.

வந்ததும் பாராட்டு குவிந்தது. விருதுகள் வந்தன, பள்ளிக்கூடங்கள் வாங்கின, கணினிப் பத்திரிகைகளைத் தாண்டிப் பொதுப் பத்திரிகைகளும் எழுதின. 1990இல் அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரில் ஒரு நாளிதழ், மேயர் பதவிக்குப் போட்டியிட்டவர்களைச் சிம்சிட்டி விளையாட வைத்து, யார் எப்படி ஆண்டார்கள் என்று செய்தி போட்டது. தேர்தலில் நிற்பவரை ஒரு விளையாட்டின் முன்னால் உட்கார வைத்துப் பார்க்கும் அளவுக்கு, இதற்குள் நிஜ நகரத்தின் ஏதோ ஒரு சூத்திரம் இருக்கிறது என்று மக்கள் நம்பினார்கள்.

அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள்தான் அந்தக் காலத்தின் நல்ல விமர்சகர்கள். ரைட் படித்த நூல்களில் ஒன்று, எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபோரெஸ்டர் 1969இல் எழுதிய ‘அர்பன் டைனமிக்ஸ்’. ஒரு நகரத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்த்த முன்னோடி நூல் அது. ஏழைகளுக்குக் குறைந்த விலை வீடு கட்டிக் கொடுத்தால் நகரம் இன்னும் தேய்ந்து போகும், பழைய வீடுகளை இடித்துத் தொழிலுக்கு இடம் விட்டால்தான் மீளும் என்ற முடிவுக்கு அந்த மாதிரி அவரைக் கொண்டுபோனது. அந்த மாதிரியில் புறநகர் என்று ஒன்று இல்லை. நகரத்தைச் சுற்றி எல்லையற்ற ஒரு வெளி மட்டும்தான் இருந்தது. வேண்டும்போது மனிதர்கள் அங்கிருந்து வருவார்கள், வேண்டாதபோது அங்கே போய்விடுவார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கு இல்லை. புறநகரை விட்டுவிட்டு நகரத்தை எப்படிக் கணக்கிடலாம் என்று அப்போதே கண்டனம் எழுந்தது.

1994இல் சமூகவியலாளர் பால் ஸ்டார் சிம்சிட்டி போன்ற விளையாட்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த வழியில் வந்தது. விளையாடுபவரின் கண்ணுக்குச் சமன்பாடு தெரியாது, விளைவு மட்டும்தான் தெரியும். அப்படியிருக்க, உள்ளே வைத்திருக்கும் அனுமானங்களை அவர் இயற்கை விதியாகவே எடுத்துக்கொள்ள மாட்டாரா என்பது ஸ்டாரின் கவலை. அடுத்த ஆண்டு ஆய்வாளர் ஷெரி டேர்க்கல் தன் நூலில் ஒரு பள்ளி மாணவியைப் பற்றி எழுதினார். வரியைக் கூட்டினால் கலவரம்தான் வரும் என்பதை அந்த மாணவி சிம்சிட்டியிடமிருந்து ஒரு விதியாகவே கற்று வைத்திருந்தாள். ரயில் பற்றியும் அப்படி ஒரு விவாதம் உண்டு. வீதியே போடாமல் முழுக்க ரயில் பாதையால் ஒரு நகரத்தைக் கட்டினாலும் முதல் சிம்சிட்டி அதை ஏற்றுக்கொண்டு வளரும். ரயிலுக்கு இத்தனை சலுகை ஏன் என்று சிலர் குறை சொன்னார்கள். ரயில் பாதையோரத்து ஊர்க்காரனான எனக்கு அந்தச் சலுகை பிடிக்கும். ஆனாலும் அதைக் கவனித்துக் கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

அந்த விவாதம் எதுவும் அப்போது எங்கள் பக்கம் எட்டவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மாத்தளை, கண்டிப் பக்கம் கணினி வகுப்புகள் தொடங்கியபோது, கொழும்பிலிருந்து வந்த பிரதி சீடிகளில்தான் சிம்சிட்டி 2000உம் பிறகு 3000உம் வந்து சேர்ந்தன. பெட்டி இல்லை, கையேடு இல்லை. முதல் சிம்சிட்டியின் கையேட்டில் நகரங்களின் வரலாறு பற்றியே ஒரு கட்டுரை சேர்த்திருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். எங்களுக்குக் கிடைத்த விமர்சனம், சீடி தந்தவர் வாயால் சொன்ன ‘நல்லா இருக்கு, ஆனா முடியவே முடியாது’ என்பது மட்டும். வேறு எதுவும் தெரியாததால் நாங்கள் விளையாட்டையே முழுசாக நம்பினோம். சம நிலம், நேர்கோட்டு வீதி, பச்சையில் வீடு, நீலத்தில் கடை, மஞ்சளில் தொழிற்சாலை. நகரம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல, நம் ஊர் இன்னும் அப்படி ஆகவில்லைபோல என்று எண்ணிய வயது அது. முதல் சிம்சிட்டியோடு வந்த ஆயத்த நகரங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ, டோக்கியோ, ஹம்பர்க், டெட்ரொய்ட், ரியோ, பேர்ன், பொஸ்டன். அவற்றின் சிக்கல்கள் நிலநடுக்கம், குண்டுவீச்சு, குற்றம், வெள்ளம், வாகன நெரிசல், அணு உலை. மலையகத்தில் ஒரு தோட்டம் என்று யாரும் தரவில்லை. தந்திருந்தாலும் எந்த நிறத்தில் குறித்திருப்பார்கள்? லயன் அறை வீடுதான், ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அது சொந்தமில்லை. தோட்டம் தொழிற்சாலைதான், ஆனால் அதன் நிலம்தான் ஊரும். நிலத்தின் பெறுமதி ஏறினால் நல்ல வீடு தானாக முளைக்கும் என்ற விதி அங்கே வேலை செய்யாது. 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டு இத்தனை ஆண்டுகளாக நடக்கும் போராட்டம் எந்தச் சமன்பாட்டிலும் இல்லாதது.

பிறகு விமர்சனத்தின் பேச்சு மாறியது. மாறிய இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும்: 2013 மார்ச்.

புதிய சிம்சிட்டி அந்த மாதம் வந்தது. எப்போதும் இணையத்தில் இணைந்திருந்தால்தான் ஆட முடிந்தது. முதல் நாளே சேர்வர்கள் தாங்கவில்லை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் நுழைய முடியாமல் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அமேசன் தரவிறக்கப் பிரதியின் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்தியே வைத்தது. சேர்வரின் சுமையைக் குறைக்க, நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். பொலிகன் என்ற விமர்சன இதழ் வெளியீட்டுக்கு முன் ஆடிப் பார்த்து 9.5 கொடுத்திருந்தது. சில நாட்களுக்குள் அதை 8 ஆக்கி, பிறகு 4 ஆக்கி, நிலைமை சீரான பிறகு 6.5 ஆக்கியது. ஒரே விளையாட்டு, ஒரே இதழ், நான்கு மதிப்பெண். மதிப்பெண்ணை மாற்றியதற்காக அந்த இதழைச் சிலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். வாசகர் காசு போட்டு வாங்கப் போவது எதுவோ அதைத்தானே மதிப்பிட வேண்டும்? விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டகிரிட்டிக் தளத்தில் அந்த விளையாட்டு நூற்றுக்கு 64இல் நின்றது. ஒரு வருடம் கழித்து இணையமின்றி ஆடும் வசதி வந்தது. 2015 மார்ச்சில் மெக்சிஸின் தலைமை ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள்.

இணையம் இல்லாமல் ஆட முடியாது என்பதன் பொருள் கலிஃபோர்னியாவில் ஒன்று, உக்குவளையில் வேறு. மழை பிடித்தால் தொடர்பு அறும், மின்சாரம் போனால் எல்லாம் போகும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளும் வந்தது. மின்நிலையம் உள்ள ஊரும் இருட்டில்தான் இருந்தது. ‘எப்போதும் இணைப்பில்’ என்ற நிபந்தனைக்கு எதிராக 2013இல் மேற்கில் எழுந்த கோபம் எங்கள் பக்கத்து நியாயத்தையும் சேர்த்தே பேசியது என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சத்தத்தில் வேறொன்று அமுங்கியது. விளையாட்டின் மாதிரி பற்றிய கேள்விகள் அப்போதும் எழத்தான் செய்தன. மாலையில் வேலை முடிந்த மனிதர்கள் தங்கள் வீட்டுக்குப் போகாமல், வழியில் முதலில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள் என்பதை ஆடியவர்களே கண்டுபிடித்தார்கள். சனத்தொகை எண்ணும் உள்ளே ஓடும் மனிதர்களின் எண்ணிக்கையை விடப் பெரிதாகக் காட்டப்பட்டது. அதைவிட ஆழமான ஒன்றை, விளையாட்டை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஸ்டோன் லிப்ராண்டே தாமே ஒரு நேர்காணலில் சொன்னார்: நிஜ அமெரிக்க நகரங்களில் வாகனத் தரிப்பிடம் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்று அளந்து பார்த்துத் திகைத்து, அப்படியே வைத்தால் விளையாட்டு முழுக்கத் தரிப்பிடமாகிவிடும் என்று அதைச் சுருக்கியும் நிலத்தடிக்குத் தள்ளியும் வைத்தார்களாம். அழகான நகரம் தெரிவதற்காக நகரத்தின் ஒரு பெரிய உண்மையை அகற்றியிருக்கிறார்கள். ஒரு விமர்சகருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? ஆனால் அந்த வாரங்களில் எல்லோரும் சேர்வரைப் பற்றித்தான் எழுதினார்கள்.

பின்லாந்தின் தம்பேரே நகரில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்த கொலொசல் ஓர்டர் நிறுவனம் அந்த வெற்றிடத்தில் நுழைந்தது. 2015 மார்ச் 10இல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் முதல் நாளிலேயே இரண்டரை இலட்சம் பிரதி விற்றது. அதைப் பற்றிய விமர்சனங்களைப் படித்தால் பாதி அது என்ன என்பது, மீதி அது சிம்சிட்டி இல்லை என்பது. இணையம் வேண்டாம், நிலம் பெரிது, ஆடுபவர்களே கட்டடமும் வீதியும் செய்து சேர்க்கலாம். எல்லாம் உண்மை. நானும் அதைக் கொண்டாடினேன். குறிப்பாக அதன் நீர். அணை கட்டினால் மேலே நீர் தேங்கும், கீழே ஆறு வற்றும், உயரம் தப்பினால் ஊர் மூழ்கும். பொல்கொல்லையையும் அதன் கீழ்ப்பக்கத்து ஆற்றையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த நீரின் நடத்தை மிக நெருக்கமானது. ஆனால் அந்த அணை தருவது மின்சாரம் மட்டும். பயிருக்கு அங்கே வாய்க்கால் தேவையில்லை. ஆறு வற்றினால் கீழே யாருடைய நாற்று காயும் என்ற கேள்வி விளையாட்டுக்குள் எழாது.

2016 நவம்பரில் அதற்கு இயற்கை அனர்த்தங்கள் என்ற சேர்க்கை வந்தது. சுனாமி, பூகம்பம், சுழற்காற்று, காட்டுத்தீ, இடிமின்னல், நிலக்குழி, விண்கல்கூட உண்டு. மண்சரிவு இல்லை. நான் வாசித்த எந்த விமர்சனமும் அந்த இல்லாமையைக் குறிப்பிடவில்லை. விண்கல் விழுவது பார்க்க நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மலையை வெட்டி வீதி போட்டால், சரிவில் மரத்தை எடுத்துவிட்டு வீடு கட்டினால், நான்கு நாள் மழைக்கு அது என்னவாகும் என்பதை இந்த விளையாட்டுகள் கணக்கில் எடுப்பதே இல்லை. சரிவு என்றால் கட்டுவதற்குச் சிரமமான நிலம், அவ்வளவுதான். மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு முன்னால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள். மழைக்காலத்தில் அதே நிறுவனத்தின் மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளை வானொலியில் கேட்டுத்தான் உறங்கப் போகிறோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது சரிந்தது மலைதான். எங்கள் வாழ்க்கையில் நகரம் என்ற சொல்லோடு ஒட்டியிருக்கும் முதல் பயம் இது. ஒரு விளையாட்டு அதை விட்டுவிட்டதைக்கூட நான் மன்னிப்பேன். விமர்சனம் அதைக் கவனிக்காமல் போனது எனக்கு வலிக்கிறது.

ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பாகம் 2023 ஒக்டோபர் 24இல் வந்தது. அன்றைய விலை ஏறக்குறைய 50 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒழுங்காக ஓட்ட வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று நிறுவனமே பரிந்துரைத்தது. இந்த ஊரில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்க யோசிப்பதைப்போல யோசித்து வாங்க வேண்டிய பொருள் அது. அப்படிப்பட்ட கார்டிலும் விளையாட்டு தடுமாறியது. ஏன் என்று தோண்டியவர்கள் கண்டது: நகரவாசிகளின் வாய்க்குள் பற்கள் ஒவ்வொன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தன, எவ்வளவு தொலைவில் நின்று பார்த்தாலும் கணினி அந்த விவரங்களையெல்லாம் சுமந்தது. தொலைவில் போகப்போக உருவத்தை எளிமையாக்கும் வேலை முடியாமலே விளையாட்டை விற்றுவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் வந்த கடற்கரை வீடுகள் சேர்க்கையை வாங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இந்த வெற்றி ஆடுபவர்களுடையது. பழைய காலத்தில் ஒரு பத்திரிகையாளரின் மதிப்பெண்ணோடு முடிந்த கதை இன்று ஆயிரக்கணக்கானவர்களின் வாக்கால் தீர்மானமாகிறது. என் தங்கையின் மகன் எந்த விளையாட்டை எடுத்தாலும் முதலில் பார்ப்பது ஸ்டீம் என்ற இணையக் கடையில் பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரியின் நிறத்தை. நீலம் என்றால் மேலே படிப்பான். “மாமா, சிவப்பு. வாங்கத் தேவையில்ல” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவான். பதினாறாயிரம் ரூபாய் பாதுகாக்கப்பட்டது. அவன் தலைமுறைக்குக் கிடைத்திருக்கும் இந்தக் கேடயம் எங்களுக்கு இருக்கவில்லை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கீழே இறங்கி அந்த விமர்சனங்களைப் படித்தேன். நொடிக்கு ஃப்ரேம் எத்தனை, சேமித்த கோப்பு அழிந்ததா, மொட் வேலை செய்கிறதா, விலைக்குத் தகுமா. பக்கம் பக்கமாக இதுதான். வரி கூட்டினால் என்ன ஆகும் என்ற விதியை எவர் எழுதினார், ஏழைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், வரைபடத்துக்கு வெளியே தள்ளப்பட்டது எது? ஸ்டாரும் டேர்க்கலும் கேட்டது போன்ற கேள்விகள் பல்கலைக்கழக ஆய்விதழ்களுக்குள் போய் அடங்கிவிட்டன. வாங்குபவர் படிக்கும் இடத்தில் அவை இல்லை.

கேட்டால் மாறும் என்பதற்குத் தடயம் உண்டு. 2013இல் ஒளித்து வைத்த தரிப்பிடம் 2023இன் விளையாட்டில் வெளிப்படையாக வந்துவிட்டது. 2024 ஜூனில் அதன் பொருளாதாரத்தையே அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். அதுவரை அரச மானியம் கொட்டி நகரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதனால் தோற்கவே முடியாமல் இருந்தது. ஆடியவர்கள் அந்தக் கணக்கைத் தோண்டி எடுத்து விடாமல் கேட்டதால்தான் மானியம் அகற்றப்பட்டது. கேள்வி மாதிரியைத் தொட்டபோது மாதிரியும் அசைந்தது. ஓர் ஊரின் வரவு செலவை இப்படித் தோண்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு மலையைத் தோண்டவும் தெரியும்.

2026 தொடக்கத்தில் அந்த விளையாட்டு கொலொசல் ஓர்டரிடமிருந்து அதே தம்பேரே நகரத்து ஐஸ்ஃப்ளேக் ஸ்டூடியோவின் கைக்கு மாறியது. புதியவர்கள் வந்து முதலில் படிக்கப் போவது இருக்கும் விமர்சனங்களைத்தான். அதனால் நாங்களும் எழுதுவோம் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் நண்பன் ஒருவன் அந்த விளையாட்டை வைத்திருக்கிறான்; பள்ளி விடுமுறையில் அவன் வீட்டில் மூவருமாக உட்கார்ந்து உக்குவளையின் நிலத்தை ஏற்றிப் பார்த்தோம். பையன்கள் ரயில் பாதையைப் போட்டார்கள். பின்னால் உள்ள சரிவை நான் வெட்டினேன், மரங்களை எடுத்தேன், வரிசையாக வீடுகள் வைத்தேன். மழையை விடாமல் பெய்ய விட்டோம். வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலத்தின் பெறுமதி கொஞ்சம் ஏறியது. “இது பிழை மாமா” என்றான் மருமகன், திரையைப் பார்த்தபடியே. அவன் வாயிலிருந்து ஃப்ரேமைப் பற்றியில்லாமல் வந்த முதல் விமர்சனம் அதுதான்.

ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழில் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று நண்பன் கேட்டான். விளையாட்டிலும் தமிழ் இல்லை. வாசிக்க ஆள் வரும், இந்த மலைகளில் கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் என்றேன். முதல் பந்தி சரிவைப் பற்றி, இரண்டாவது ஆற்றைப் பற்றி, மூன்றாவது லயன் வீட்டுக்கு என்ன நிறம் என்பதைப் பற்றி. இதில் எங்களுக்குள் பேதமில்லை. கடைசியில் கட்டைவிரலை மேலே காட்டுவதா கீழே காட்டுவதா என்பதில்தான் பையன்கள் இருவரும் இன்னும் ஒத்துவரவில்லை.